கழுவெளி என்ற பெயரில் வந்த பதில்

என் பழைய ஆபீஸில் மிஷினைப் பார்த்துக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்த மூன்று பேர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்கள். "அக்கா, மிஷின் ஒருத்தருக்குப் பச்சை போட்டுடுச்சுன்னா நாங்க அப்படியே விட்டுடலாமா?" ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

என் வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நான் பார்த்த வேலையை இப்போது மிஷின் பார்க்கிறது. வேலையே இல்லாமல் போன பிறகு அதில் இருந்தவளை வேறு எப்படிச் சொல்வது?

எனக்கு ஊர் மரக்காணம். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி. நான் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவள், மறுபடி எழுதப் போகவில்லை. அண்ணன் பிரபு பன்னிரண்டாவது வரை படித்தான். உப்பு மூட்டை ஏற்றும் வேலை முடிந்ததும் ஃபோனிலேயே புரோகிராமிங் படிப்பான். கம்ப்யூட்டர் கிடையாது. விரல் நுனியெல்லாம் உப்பில் வெடித்திருக்கும். ஸ்கிரீன் அவன் தொடுவதைச் சரியாக எடுக்காது. "இதுக்கே என் கை பிடிக்கல பாரு" என்று சிரிப்பான். அவன்தான் எனக்கு அந்தத் தளத்தைக் காட்டியது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது டெக்னாலஜி செய்திகளைத் தமிழில் பகிர்ந்துகொள்ளும் இடம். யார் வேண்டுமானாலும் ஒரு லிங்க் போடலாம். புது ஃபோன், புது புரோகிராமிங் மொழி, யாரோ ஆரம்பித்த ஸ்டார்ட்அப், யாரோ இழுத்து மூடிய ஸ்டார்ட்அப். பிடித்தவர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டுக் கூடினால் செய்தி மேலே ஏறும், கீழே சண்டை நடக்கும். மேலே ஏறினால் பெரிய ஆட்கள் கண்ணில் படும். அதனால் கள்ள ஓட்டும் உண்டு, காசு வாங்கிப் புகழ்கிற ஆட்களும் உண்டு. அவர்களைக் கண்டுபிடித்து வெளியே தள்ளுவதுதான் என் வேலை.

ஆபீஸ் குயிலாப்பாளையத்தில், வெள்ளைக்காரர்களுக்கு ஸ்கூட்டி வாடகைக்கு விடுகிற கடையின் மாடியில். மரக்காணத்தில் பஸ் ஏறி பெரிய முதலியார்சாவடியில் இறங்கி உள்ளே போக வேண்டும். தமிழை வேகமாகப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றுதான் எடுத்தார்கள். வேலை பழகிய கதையில் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் எல்லாரையும் நம்பினேன், பிறகு ஒருத்தரையும் நம்பவில்லை. இரண்டாவது பழக்கம்தான் நிலைத்தது.

எனக்கு மேலே இருந்தவர் நசீர் பாய். வளைகுடாவில் ஒரு குடோனில் பல வருடம் கம்ப்யூட்டர் பார்த்துவிட்டுத் திரும்பியவர். அதிர்ந்து பேசமாட்டார். "இது ஃப்ராடு பாய்" என்று யார் போய் நின்றாலும் ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் கவிழ்ப்பார். கண்ணாடி மேசைக்கு வந்துவிட்டால் நாம் வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும் என்று அர்த்தம். அவர் கண்ணை மூடிக் கேட்பார்.

எழுதியவரின் கணக்கு எப்போது ஆரம்பித்தது, யாரோடு சேர்ந்து ஓட்டுப் போடுகிறது என்பதையெல்லாம் ஸ்கிரீனில் முதலில் பார்த்துவிட வேண்டும். ஆனால் முடிவு காதில்தான்.

ஒருமுறை பில் போடுகிற ஆப் ஒன்றை நாலு பேர் வானளாவப் புகழ்ந்திருந்தார்கள். நாலு பேருக்கும் நாலு ஊர், நாலு படம். நான் படித்து முடித்ததும் பாய் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"நாலு பேரும் ஒரே எடத்துல மூச்சு வாங்குறாங்க. கவனிச்சியா?"

"இல்ல பாய்."

"இன்னொரு தபா படி. ஜல்தி வேணாம்."

படித்தேன். உண்மைதான். நாலும் ஒரே இடத்தில் நின்றது, ஒரே இடத்தில் ஆச்சரியப்பட்டது. எழுதியது ஒரு வாய்.

அடுத்து கிளியனூரிலிருந்து ஒரு கேஸ். ஒரு கம்ப்யூட்டர் சென்டர் சார் தான் செய்த விளையாட்டு ஒன்றைப் போட்டார். மளமளவென்று ஓட்டு விழுந்தது, எல்லாம் ஒரே இன்டர்நெட் லைனிலிருந்து. எனக்குக் கை துறுதுறுத்தது. எல்லாவற்றையும் பூட்டிவிடலாம் என்று போனேன். கண்ணாடி கவிழ்ந்தது. படித்தேன். ஒரு பையன், 'சார் நல்லா செஞ்சிருக்காரு, ஆனா கிளாஸ்ல ரொம்ப வேகமா பேசுறாரு' என்று எழுதியிருந்தான்.

பாய் சிரித்துவிட்டார். "ஏம்மா, காசு வாங்கினவன் வாத்தியாரக் குத்தம் சொல்லுவானா? ஒரே வாசல்ல வந்தா ஒரே ஆளுன்னு ஆயிடுமா? உங்க வீட்ல எத்தன பேரு?"

"நாலு பேரு பாய்."

"வாசல் எத்தன?"

போன மழைக்காலத்தோடு மூன்று பேர் ஆகிவிட்டோம். அண்ணன் போனது ஈ.சி.ஆரில், பைக்கில். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

பாய் வீட்டுக்கு வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். ஆனால் தளத்தில் என் அண்ணன் யார் என்று அவருக்குத் தெரியாது. அங்கே யாரும் சொந்தப் பெயரில் இருப்பதில்லை, யாரும் கேட்பதுமில்லை. அண்ணன் எங்கள் ஏரியின் பெயரை வைத்திருந்தான். கழுவெளி. அந்தப் பெயரில் அவன் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. புதிதாகப் புரோகிராமிங் படிக்க வருகிறவர்கள் அரைகுறையாகக் கேட்கும் சந்தேகத்துக்குப் பொறுமையாகப் பதில் சொல்வான். 'தப்பா கேட்டுட்டோமேன்னு நினைக்காதீங்க' என்றுதான் ஒவ்வொரு பதிலையும் ஆரம்பிப்பான். அவன் போன பிறகு பஸ்ஸில் தினமும் அதில் ஒன்றை எடுத்துப் படிப்பேன். புரோகிராமிங் எனக்குப் புரியாது. அந்த முதல் வரிக்காகப் படிப்பேன்.

மறுபடி வெயில் ஏறி உப்பு வார ஆரம்பித்த சமயத்தில் அந்தச் செய்தி வந்தது. உப்பளத்துக்கு என்றே ஒரு ஸ்டார்ட்அப். பாத்தி ஓரத்தில் ஒரு கம்பு, கம்பின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி. தண்ணீர் எப்போது உப்பாகும், மழை எப்போது வரும் என்று அது ஃபோனுக்கு மெசேஜ் அனுப்புமாம். 'மரக்காணம் தொழிலாளர்கள் சீசன் முழுக்க எங்கள் பெட்டியை நம்பியே வேலை செய்கிறார்கள்' என்று எழுதி, பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உப்பு வாருகிற பலகையோடு நிற்கிற படம் போட்டிருந்தார்கள். ஓட்டு மேலே மேலே போனது.

எங்கள் ஊரில் அப்படி ஒரு பெட்டியை நான் பார்த்ததில்லை. சந்தேகம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அந்தக் கம்பெனி முதலாளி கொஞ்ச நாள் முன்னால்தான் எங்கள் மாடிக்கு வந்து, பாயோடு கதவைச் சாத்திக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போயிருந்தார்.

கீழே பதில்களைப் படித்துக்கொண்டே போனேன். எல்லாம் புகழ்ச்சி. கடைசியில் ஒரு பதில்:

'இந்தப் படத்துல நிக்கிறது நான்தான். பொட்டிய வெச்சாங்க போட்டோ எடுத்தாங்க மறுநாள் காலைல புடுங்கிக்கினு போயிட்டாங்க. சீசன் பூரா இருக்குதுன்னு சொல்றது பொய்யி. என் படத்த எடுங்க.'

எழுதியவர் பெயர்: கழுவெளி.

எழுதியவரை நம்பலாமா கூடாதா என்று தானே சொல்கிற மிஷினை அப்போதுதான் சோதனைக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பதிலுக்கு அது பச்சை போட்டிருந்தது. பழைய கணக்கு, நல்ல பெயர், ஒருமுறைகூடச் சண்டை இல்லை. முழு நம்பிக்கை.

நான் படத்தைப் பெரிதாக்கினேன். வெயிலுக்கு எதிரில் எடுத்த படம், தலையில் துண்டு, முகம் இருட்டு. நிற்பது நான்தான் என்று என் அண்ணன் சொல்கிறான். யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள், ஆனால் கொஞ்ச நேரம் நான் அதை நம்பினேன். எதையும் நம்பாத நான். உயரம் அவன் உயரம்தான். தோளும் அவன் தோள்தான். பிறகுதான் கை தெரிந்தது. பலகை இடது கையில் இருந்தது. அண்ணனுக்கு வலது கைப் பழக்கம். எங்கள் உப்பளத்தில் இடது கையால் உப்பு வாருகிறவர் ஏழுமலை அண்ணன் ஒருத்தர்தான். என் அண்ணனோடு எப்போதும் ஒன்றாகத் திரிந்தவர்.

அவருக்கு நாலு வரி எழுத வராது. அப்படியானால் எழுதியது யார்? போட்டிக் கம்பெனிக்காரன் எவனோ செத்துப்போனவன் கணக்கை விலைக்கு வாங்கிவிட்டான் என்று முடிவு கட்டினேன். நல்ல பெயருள்ள பழைய கணக்குக்கு அப்படி ஒரு சந்தை உண்டு. இந்த வேலையில் இருந்தால் தெரியும்.

பாயிடம் போனேன். கண்ணாடி மேசைக்கு வந்தது. படிக்க ஆரம்பித்தேன். 'நிக்கிறது நான்தான்' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது.

"தண்ணி குடிம்மா," என்றார் பாய். கண் இன்னும் மூடியிருந்தது. "யாரு, கழுவெளியா? நல்ல புள்ளையாச்சே. புதுசா வர்றவங்களுக்குப் பொறுமையா சொல்லுமே. ஆனா இது அந்தப் புள்ள வாய் இல்லியே. இது யாரோ பேசுற மாதிரில்ல இருக்குது."

"அந்தப் புள்ள எங்க அண்ணன் பாய்."

"எந்த அண்ணன்?"

"எனக்கு எத்தன அண்ணன்?"

பாய் கண்ணைத் திறந்து கண்ணாடியைத் தேடினார். அது எதிரிலேயே இருந்தது. போட்டுக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"மவுத்தானவர் பேர்ல எவனோ உள்ள பூந்திருக்கான்," என்றார். "ரூலு தெரியுமில்ல?"

தெரியும். ஒருவர் கணக்கில் வேறு ஆள் புகுந்துவிட்டால் கணக்கைப் பூட்டிவிட வேண்டும். அதோடு அந்தக் கணக்கிலிருந்து வந்த எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். எதை யார் எழுதியது என்று பிரிக்க முடியாது, அதனால் மொத்தமாக.

"பழசும் போயிடுமா பாய்?"

"எல்லாந்தான்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அந்தப் பொட்டிக்காரரு குடுத்த டீக்காகவா?" என்று கேட்டுவிட்டேன்.

கீழே யாரோ ஸ்கூட்டியை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கிளம்பவில்லை.

"டீ குடுத்தது நானு," என்றார் பாய். "கேளு. கேக்கறதுக்குத்தான் உன்ன வெச்சிருக்கேன். பதில நாளைக்குச் சொல்றேன். நீ மொதல்ல வீட்டுக்குப் போ. உங்க அண்ணன் ஃபோன் எங்க இருக்குதுன்னு பாரு. அது வரைக்கும் நான் இதத் தொட மாட்டேன்."

பஸ்ஸில் வரும்போது அந்தப் பேச்சையும் சந்தேகப்பட்டேன். என்னை அனுப்பிவிட்டு அழித்துவிடுவாரோ? ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அண்ணன் பதில்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஃபோனில் படம் பிடித்துக்கொண்டே வந்தேன். மரக்காணம் வந்தும் முடியவில்லை.

அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அண்ணன் ஃபோன் எங்கம்மா?"

"எதுக்கு இப்ப?"

"எங்கன்னு சொல்லு."

"குடுத்துட்டேன். பதினாறாம் நாளு அவன் சட்ட, லுங்கி, செருப்பெல்லாம் குடுத்தோம் இல்ல, அதோட. செத்தவன் பொருள வெச்சிக்கினா அவன் இங்கயே சுத்துவான்னு உங்க பெரியம்மா சொன்னா."

"யாருக்குக் குடுத்த?"

"ஏழுமலைக்கு. வேற யாரு இருக்கா அவனுக்கு?"

"அதுல லாக் போட்டிருந்தானே?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தக் கோடு எனக்குத் தெரியாதா? தெனம் சோத்துத் தட்டு முன்னால உக்காந்து போடுவான். மேல போயி, குறுக்கால வந்து, கீழ. அத்தயும் சொல்லித்தான் குடுத்தேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "தப்பாடீ?" என்றாள்.

எங்கள் ஊரில் அது தப்பே இல்லை. கருமாதி அன்று போனவன் பொருளை வேண்டியவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். வாங்குகிறவனும் மறுக்கக் கூடாது, போட்டுக் கிழிக்க வேண்டும். சட்டைக்குள் ஆள் இருப்பதில்லை. ஃபோனுக்குள் அண்ணன் வெளியேறாமல் இருந்தான். அது யாருக்கும் தோன்றவில்லை. இதையே வேலையாகப் பார்க்கிற எனக்கும் தோன்றவில்லை.

ஏழுமலை அண்ணன் பாத்தியில் இருந்தார். அண்ணனின் கட்டம் போட்ட சட்டையைப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் நான் வந்த விஷயமே ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

"அண்ணே, தளத்துல எழுதினது நீயா?"

"ஆமா கலை. படத்த எடுத்துட்டாங்களா?"

"எங்க அண்ணன் பேர்ல எழுதியிருக்கியே!"

"அவன் பேரா? நான் எங்க அவன் பேரப் போட்டேன்? கழுவெளின்னு இருந்துச்சு. அது ஏரி பேராச்சே. ஃபோன் கம்பெனிக்காரன் வெச்சதுன்னு இல்ல நெனச்சேன்."

"ஒனக்கு எழுதவே வராதே?"

"பேசினா அதுவே எழுதுது. நான் இன்னா கலெக்டருக்கா எழுதறேன்?"

நான் விடவில்லை. "யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா? வேற கம்பெனி ஆளுங்க யாராச்சும் வந்தாங்களா?"

பலகையை வரப்பில் குத்தி நிறுத்தினார். "யம்மா, அது என் மூஞ்சி. ஃபோன் டிங்குன்னுச்சு, தொறந்தா நான் பல்ல இளிச்சிக்கினு நிக்கிறேன். மேஸ்திரி தெனம், 'இன்னா பொட்டிக்காரரே, இன்னிக்கி மழையா வெயிலா'ன்றான். என் மூஞ்சிய எடுன்னு நான் கேக்கறதுக்கு எவன் வந்து சொல்லிக் குடுக்கணும்?"

வரப்பு ஓரம் கம்பு நட்டிருந்த குழியைக் காட்டினார். அதற்குள் உப்புப் பூத்து மூடியிருந்தது.

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் எழுதிய எல்லாமே அழிந்துபோகும் என்றேன். அவருக்கு முகம் செத்துப்போனது. கையைச் சட்டையில் துடைக்கப் போனவர், யார் சட்டை என்று நினைத்தாரோ, லுங்கியில் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்து நீட்டினார்.

"நீயே பண்ணு. நான் தொட மாட்டேன்."

அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது. பாஸ்வேர்ட் அவனுக்கு மட்டும்தான் தெரியும். 'வெளியேறு' என்பதைத் தொட்டேன். 'நிச்சயமாக வெளியேற வேண்டுமா?' என்று கேட்டது. அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்ததே நான்தான். முன்பு இங்கிலீஷில் இருந்தது. பாய் சொல்லி மாற்றியது. இப்படி யாரிடமாவது போய் அது கேட்கும் என்று யோசித்தா எழுதினேன்?

"அமுக்கு கலை," என்றார் ஏழுமலை அண்ணன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அமுக்கினேன்.

அங்கேயே நின்று அவருக்கு ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தேன். என்ன பெயர் என்று கேட்டதற்கு, "ஏழுமலைதான். இன்னா ஏரி பேரு, மல பேரு" என்றார். முன்பு சொன்னதையே மறுபடி ஃபோனிடம் சொன்னார், இந்த முறை கொஞ்சம் கோபமாக. அனுப்பினோம். வரவில்லை. என் ஃபோனில் ஆபீஸ் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தேன். மிஷின் நிறுத்தி வைத்திருந்தது. சிவப்பு. புதிய ஆள், முதல் பேச்சே குற்றச்சாட்டு, நம்ப வேண்டாம்.

காலையில் பாய் எதையும் தொடாமல்தான் வைத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றவில்லை. ஏழுமலை அண்ணன் பதிலை அவரே வாய்விட்டுப் படித்தார். அவரை அப்படி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். படித்துவிட்டு, "வெளிய விடு" என்றார்.

"அண்ணனுது, பாய்?"

"எது யாரு எழுதினதுன்னு பிரிக்க முடியாதுன்னுதான் ரூலு. இங்க பிரிச்சுச் சொல்ல ஆளு இருக்குது. கடைசி ஒண்ணு மட்டும் உங்க அண்ணன் எழுதினது இல்ல. அத நீயே எடு. மத்தது இருக்கட்டும். கதவ மட்டும் பூட்டு." பிறகு, "அந்தப் பொட்டிக்காரப் பையன் மேல ஏத்திவுடச் சொல்லிக் கேட்டான். டீயோட அனுப்பிட்டேன். நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம்" என்றார்.

பாதி நம்பினேன். மீதி இன்றுவரை அப்படியே இருக்கிறது.

பெட்டியை ரிப்பேருக்கு எடுத்துப் போனதாகக் கம்பெனி பதில் சொன்னது. படத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் வேறு ஊர் உப்பளம், வேறு ஒரு ஆள். அவரும் பெட்டிக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

சோதனை முடிந்து மிஷின் நிரந்தரமானது. படித்துக்காட்ட யாரும் தேவைப்படவில்லை. நான் கிளம்பினேன். இப்போது மரக்காணத்தில் ஒரு மொபைல் கடையில் இருக்கிறேன். பழைய ஃபோன் விற்க வருகிறவர்களிடம் விலை பேசுவதற்கு முன்னால் ஒன்று கேட்பேன். "ஃபோன் யாருது? உள்ள யாராச்சும் இருக்காங்களா?" சிலர் முறைப்பார்கள். சிலர் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள்.

நீங்கள் மூன்று பேரும் கேட்டதற்கு என் பதில் இதுதான். பச்சை வந்ததில் ஆள் இல்லை, சிவப்பு வந்ததில் ஆள் இருந்தார். வாய்விட்டுப் படியுங்கள்.

கழுவெளியின் பக்கத்துக்குப் போனால் பதில்கள் எல்லாம் இருக்கும், அந்தக் கடைசி ஒன்றைத் தவிர. மேலே 'கடைசியாக வந்தது' என்று ஒரு தேதி இருக்கும். அது நான் உப்பளத்தில் நின்று அமுக்கிய தேதி. என் அண்ணன் அதற்கு எத்தனையோ நாள் முன்னாலேயே போய்விட்டான். தப்பான தகவல் என்று ஒரு வார்த்தை சொன்னால் பாய் திருத்திவிடுவார். நான் சொல்லவில்லை. உங்கள் கண்ணில் பட்டாலும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.